டேட்டா 40 ஜிபி, டேபிள் 36,000: டெப்ளாய்மென்ட் செத்து செத்து விழுந்த கதை

எங்க ப்ராடக்ட் சின்னக் கம்பெனிகளுக்கான பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனி ஸ்கீமா (அவங்க டேபிள் எல்லாம் இருக்கற தனி அறை மாதிரி), ஒரு ஸ்கீமாவுல 120 டேபிள், கஸ்டமர் சுமார் 300 பேர். பெருக்கிப் பாத்தா 36,000 டேபிள் வருது, அதுக்கு மேல இன்டெக்ஸ், சீக்வென்ஸ், டோஸ்ட் டேபிள் (பெரிய மதிப்புகளைத் தனியா வைக்கற துணை டேபிள்) எல்லாம் சேத்தா, போஸ்ட்கிரெஸ் தன்கிட்ட என்னென்ன இருக்குன்னு எழுதி வச்சுக்கற பிஜி கிளாஸ் (pg_class) கேட்டலாக்ல ரெண்டு லட்சத்துக்கு மேல வரி (row). ஆனா மொத்த டேட்டா வெறும் 40 ஜிபிதான். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் இந்தப் பதிவே. சர்வர் சைஸ் எடுக்கிறப்ப எல்லாரும் ஜிபி கணக்குலதான் எடுக்கறாங்க, ஆனா எங்களை அடிச்ச லிமிட் எதுவுமே ஜிபியைப் பாத்து வரல, எல்லாமே எத்தனை டேபிள் இருக்குங்கறதைப் பாத்து வந்தது.

பழைய வாடகை சர்வர்ல எந்தத் தொந்தரவும் இல்லாம ஓடிட்டு இருந்ததை கிளவுடுக்கு மாத்தினோம், குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் (ப்ரோக்ராம்களை கன்டெய்னர்ங்கற தனித்தனி பெட்டியில வச்சு ஓட்டற சிஸ்டம்), கிளவுடு கம்பெனியே பாத்துக்கற மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ், எல்லாத்துக்கும் அளவா மெமரி லிமிட், சிபியு லிமிட். பழைய மெஷின்ல 64 ஜிபி ரேம் இருந்ததால யார் எவ்வளவு திங்கறாங்கன்னு யாரும் கேட்டதே இல்ல. கன்டெய்னருக்குள்ள வந்ததும் ஒவ்வொருத்தர் தட்டும் தெரிய ஆரம்பிச்சுது.

முதல்ல விழுந்தது ரொம்ப அல்பமான இடத்துல. புது கஸ்டமர் வந்தா அவங்க ஸ்கீமாவை உருவாக்கற அடிப்படை எஸ்க்யூஎல் ஃபைல் ஒண்ணு இருக்கு, டேபிள், வியூ, ஃபங்ஷன், ட்ரிக்கர் எல்லாம் சேந்து 300 கேபிக்கு மேல. அதை கான்ஃபிக்மேப்ல (குபெர்னெட்டிஸ்ல செட்டிங், சின்ன ஃபைல் வைக்கற ஆப்ஜெக்ட்) போட்டு வச்சிருந்தோம், அப்ளை பண்ணதும் அனோட்டேஷன் (ஆப்ஜெக்ட் மேல ஒட்டற குறிப்பு) ரொம்ப நீளம், 2,62,144 பைட்டுக்குள்ள இருக்கணும்னு எரர். நாங்க அனோட்டேஷனே எழுதலையேன்னு கொஞ்ச நேரம் முழிச்சோம். விஷயம் என்னன்னா க்யூப்சிடிஎல் (குபெர்னெட்டிஸுக்கு உத்தரவு குடுக்கற கமாண்ட்) அப்ளை பண்றப்ப முழு ஆப்ஜெக்டையும் ஒரு நகல் எடுத்து 'கடைசியா அப்ளை பண்ண கான்ஃபிக்'னு அதே ஆப்ஜெக்ட் மேலயே அனோட்டேஷனா ஒட்டி வைக்குது. சர்வர் சைடு அப்ளை பண்ணா இந்த நகல் வராது, ஆனா அப்பவும் கான்ஃபிக்மேப்புக்கு 1 எம்பிதான் உச்சவரம்பு, இன்னும் கொஞ்ச நாள்ல அங்கயும் போய் முட்டும். அதனால ஃபைலை கன்டெய்னர் இமேஜுக்குள்ளயே, கோடு இருக்கற பொட்டலத்துலயே, வச்சுட்டோம். ஸ்கீமா கோடு மாதிரி, கோடோடயே போகட்டும்.

அடுத்தது மைக்ரேஷன் ஜாப், அதாவது ரிலீஸுக்கு ரிலீஸ் டேபிள் அமைப்பை மாத்தற வேலை. நோட் ஜேஎஸ்ல நாங்களே எழுதின டூல், மெமரி லிமிட் 512 எம்பி. ஆரம்பிக்கும், ஒரு லாக் (log) வரி எழுதும், அப்புறம் ஒண்ணுமே இல்லாம செத்துடும். எக்ஸிட் கோடு 137.

137ன்னாலே மெமரி பத்தலைன்னு முடிவு கட்டிடறது எங்க டீம்ல ஒரு பழக்கம், நெட்லயும் அப்டித்தான் எழுதி வச்சிருக்காங்க. 128 கூட 9 சேத்தா 137, 9ங்கறது ப்ராசஸை உடனே கொல்ற சிக்னலோட நம்பர், அதாவது யாரோ சிக்‌கில் அனுப்பினாங்கன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அந்த யாரோ கெர்னலா இருக்கலாம், ஒவ்வொரு மெஷின்லயும் கன்டெய்னரைக் கவனிக்கற க்யூப்லெட்டாவும் இருக்கலாம். ப்ரோப் (ப்ரோக்ராம் நல்லா இருக்கான்னு அப்பப்ப பாக்கற செக்) ஃபெயில் ஆச்சுன்னா க்யூப்லெட் முதல்ல சிக்டெர்ம் (நீயே முடிச்சுக்கோங்கற சிக்னல்) அனுப்பும், 30 செகண்ட் பொறுத்துப் பாக்கும், போகலைன்னா சிக்‌கில். கன்டெய்னருக்குள்ள நோட் முதல் ப்ராசஸா ஓடிட்டு இருந்து, அதுல சிக்டெர்முக்கு ஹேண்ட்லர் எழுதலைன்னா அந்த சிக்னல் அதுக்கு கேக்கவே கேக்காது, ஏன்னா பிஐடி 1க்கு, அதாவது முதல் ப்ராசஸுக்கு, டீஃபால்ட் ஆக்‌ஷன் கிடையாது. அதனால ப்ரோப்ல செத்தாலும் 137தான், மெமரில செத்தாலும் 137தான். பிரிச்சுப் பாக்கணும்னா டிஸ்க்ரைப் பாட் (பாட்ங்கறது கன்டெய்னரை ஓட்டற யூனிட்) போட்டு லாஸ்ட் ஸ்டேட்ல ரீசன் என்ன இருக்குன்னு பாருங்க, ஓஓஎம்கில்டுன்னு (மெமரி தீந்ததால கொன்னது) இருந்தா கெர்னல், வெறும் எரர்னு இருந்தா கீழ ஈவென்ட்ஸ்ல ப்ரோப் ஃபெயில் ஆன வரி இருக்கான்னு தேடுங்க. இது ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா எங்களுக்கு ரெண்டுமே இருந்துச்சு, ஜாப் ஒரு காரணத்துக்கு செத்துது, ஏபிஐ பாட் வேற காரணத்துக்கு செத்துது, ரெண்டுக்கும் ஒரே நம்பர்.

ஜாப்ல ஓஓஎம்கில்டுதான். மேனேஜர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"என்னப்பா, மைக்ரேஷன்ல நாலு காலம் (column) சேக்கறோம், அதுக்கு 512 பத்தலையா?"

"சார், காலம் சேக்கறதுக்கு முன்னாடி இருக்கற எல்லா காலத்தையும் அது படிச்சுப் பாக்குது சார்."

"எல்லாம்னா?"

"அஞ்சு லட்சம்."

டூல் ஆரம்பிச்சதும் போஸ்ட்கிரெஸோட இன்ஃபர்மேஷன் ஸ்கீமால (டேபிள் விவரம் காட்டற ரெடிமேட் வியூக்கள்) இருக்கற காலம்ஸ் வியூவை முழுசா செலக்ட் பண்ணி, வர்றதை எல்லாம் ஒரு மரம் மாதிரி அடுக்கி வச்சு, அதை மைக்ரேஷன் ஃபைலோட ஒப்பிட்டு, எது பாக்கின்னு முடிவு பண்ணும். ஒரு டேபிளுக்கு சராசரி 15 காலம்னு வச்சா 5,40,000 வரி. நோடோட போஸ்ட்கிரெஸ் டிரைவர், கர்சர் (கொஞ்சம் கொஞ்சமா எடுக்கற வழி) வைக்கலைன்னா, ரிசல்ட் மொத்தத்தையும் மெமரிக்குள்ள இழுத்து ஒவ்வொரு வரியையும் ஒரு ஆப்ஜெக்டா ஆக்கிட்டுத்தான் கையில குடுக்கும். அஞ்சு லட்சம் ஆப்ஜெக்ட், ஒவ்வொண்ணுலயும் பத்து பன்னெண்டு ஸ்ட்ரிங். டேபிள்ல ஒரு வரி டேட்டா கூட இல்லாட்டியும் இதே மெமரி வேணும்.

இதுல இன்னொரு குசும்பு. இமேஜ்ல எப்பவோ யாரோ நோட் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸ் (நோட் எடுத்துக்கலாம்கற மெமரி, எம்பி கணக்குல) 4096னு போட்டு வச்சிருக்காங்க, பழைய சர்வர்ல அது சரி. கன்டெய்னருக்குள்ள நோட் தனக்கு 4 ஜிபி இருக்குன்னு நம்பிக்கிட்டு குப்பை அள்ற வேலையை சாவகாசமா வச்சுக்கும், கெர்னலோ 512 தாண்டின நிமிஷத்துல தலையை வாங்கிடும், அதனாலதான் லாக்ல ஒரு எழுத்து கூட இல்ல. நான் முதல்ல பண்ணது லிமிட்டை ஏத்தறது இல்ல, அந்த 4096ஐ 384ஆ குறைச்சது, கன்டெய்னர் லிமிட்ல முக்கால் பங்கு. இப்பவும் சாகும், ஆனா 134ல சாகும், ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் தீந்து போச்சுன்னு லாக்ல சொல்லிட்டு சாகும். அந்தத் தடயத்தை வச்சுத் தேடினா நேரா கேட்டலாக் படிக்கிற ஃபங்ஷன்ல போய் நின்னுச்சு.

வழி என்னன்னா 300 ஸ்கீமாவும் ஒரே அச்சு, எதுக்கு 300 தடவை படிக்கணும். ஒரு ஸ்கீமாவை மட்டும் முழுசா படிக்கறோம், அதுவும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா வழியா இல்ல, நேரா பிஜி கிளாஸ், பிஜி அட்ரிப்யூட் பக்கம் போய். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா வியூ ஒவ்வொரு வரிக்கும் இந்த யூசருக்கு உரிமை இருக்கான்னு செக் பண்ணிட்டு வரும், இத்தனை டேபிள் இருக்கற இடத்துல அதுவே பெரிய செலவு. மத்த ஸ்கீமாவுக்கு காலம் பேரு, டைப்பு எல்லாத்தையும் சர்வர்லயே ஒட்டி ஒரு ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு சின்ன மதிப்பு) எடுத்து, ஸ்கீமாவுக்கு ஒரு வரியா வாங்கிக்கறோம், ஹேஷ் மாறி இருக்கற ஸ்கீமாவை மட்டும் தனியா நோண்டறோம். 512 எம்பியே தாராளம் இப்ப.

சரின்னு மறுபடி ஓட்டினா ஜாப் பாதி கஸ்டமர் வரைக்கும் நல்லா போச்சு, அப்புறம் டேட்டாபேஸ் பக்கத்துலேர்ந்து எரர்: அவுட் ஆஃப் ஷேர்ட் மெமரி. கூடவே ஒரு ஹின்ட், மேக்ஸ் லாக்ஸ் பெர் ட்ரான்சாக்‌ஷனை ஏத்த வேண்டி இருக்கலாம்னு. ஷேர்ட் மெமரின்னு பாத்ததும் டீம்ல ஒருத்தர் ஷேர்ட் பஃபர்ஸை (டேட்டாவை மெமரில வைக்கற இடம்) ஏத்தப் போயிட்டாரு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது லாக் (lock, பூட்டு) டேபிள், யார் எந்த டேபிளைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு குறிச்சு வைக்கற இடம், மேல சொன்ன log இல்ல.

இந்த லாக் டேபிளைத்தான் நிதானமா சொல்லணும், ஏன்னா நிறைய ஸ்கீமா வச்சிருக்கற யாரா இருந்தாலும் ஒரு நாள் இங்க வந்து நிப்பாங்க. போஸ்ட்கிரெஸ் ஸ்டார்ட் ஆகறப்பவே லாக் வைக்கறதுக்குன்னு ஷேர்ட் மெமரில ஒரு இடத்தை ஒதுக்கிடும், அளவு எவ்வளவுன்னா மேக்ஸ் லாக்ஸ் பெர் ட்ரான்சாக்‌ஷன் பெருக்கல் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், ப்ரிப்பேர்டு ட்ரான்சாக்‌ஷன் வசதியை ஆன் பண்ணி வச்சிருந்தா அதுக்கு செட் பண்ண உச்ச எண்ணிக்கையும் கனெக்‌ஷனோட சேரும். டீஃபால்ட் 64, கனெக்‌ஷன் 100, ஆக 6,400 இடம். பேரைப் பாத்தா ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்கு 64 லாக்தான்னு தோணும், அப்டி இல்ல. பந்தியில ஆளுக்கு ரெண்டு வடைன்னு கணக்குப் போட்டு மொத்தமா சுட்டு வைப்பாங்கல்ல, அதுல ஒருத்தரே இருபது எடுத்தாலும் யாரும் கையைப் பிடிக்க மாட்டாங்க, மொத்த வடையும் தீந்தாத்தான் சத்தம் வரும், அதே கதைதான். நம்ம ட்ரான்சாக்‌ஷன் ஒண்ணே ஆயிரக்கணக்குல எடுத்துக்கலாம், தீந்து போனா நம்மளோட சேந்து அந்த நேரத்துல பில்லு போட்டுட்டு இருக்கற அப்பாவி கனெக்‌ஷனுக்கும் அதே எரர் வரும். எங்களுக்கு வந்துச்சு.

எங்க டூல் பழக்கம் என்னன்னா எல்லா கஸ்டமருக்கும் ஒரே ட்ரான்சாக்‌ஷன், எங்கயாவது உடைஞ்சா மொத்தமும் ரோல்பேக், பழைய நிலைக்கே திரும்பிடும். கேக்க அழகா இருக்கும். ஆனா லாக்குங்கறது கமிட் (மாத்தினதை உறுதி பண்றது) ஆகற வரைக்கும் விடாது, அந்த ரிலீஸ்ல ஒரு கஸ்டமருக்கு சில டேபிள்ல காலம் சேக்கறது, ரெண்டு மூணு புது டேபிள், அதோட இன்டெக்ஸ், ஃபாரின் கீ எந்த டேபிளைக் காட்டுதோ அதுமேல ஒரு லாக்னு எல்லாம் கூட்டி 40 பக்கம் ஆச்சு. 300 பெருக்கல் 40, 12,000. இருக்கறது 6,400, ஷேர்ட் மெமரில ஒதுக்கலை தாண்டி கொஞ்சம் உபரி இடம் இருக்கும் அதனால கணக்குக்கு சற்று மேலயே தாங்கும், எப்படிப் பாத்தாலும் பாதி தாண்டினதும் படுக்கத்தான் செய்யும். ஸ்டேஜிங்ல அஞ்சு கஸ்டமர், அங்க இது ஆயுசுக்கும் வராது.

பிஜி லாக்ஸ் வியூவை இன்னொரு செஷன்ல ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை கவுன்ட் எடுத்துக்கிட்டே ஜாபை ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்க, 40, 80, 120னு படி ஏறற மாதிரி ஏறும், ஒரு கஸ்டமர் முடிஞ்சாலும் கீழ இறங்காது. அதைப் பாத்தப்புறம் யாருக்கும் விளக்கமே தேவைப்படல.

நம்பரை ஏத்தறதா, டூலை மாத்தறதான்னு ஒரு வாக்குவாதம். நம்பரை ஏத்தினா ரீஸ்டார்ட் வேணும், ரீலோடு போதாது. ரெப்ளிகா (ப்ரைமரி சர்வரோட நகலா ஓடற ஸ்டான்ட்பை சர்வர்) இருந்தா இன்னும் ஒண்ணு, ஸ்டான்ட்பைல இந்த மதிப்பு ப்ரைமரியை விடக் குறைவா இருக்கக்கூடாது, அதனால ஏத்தறப்ப முதல்ல ஸ்டான்ட்பை, அப்புறம்தான் ப்ரைமரி. மாத்தி பண்ணா 14ம் வெர்ஷன்லேர்ந்து ஸ்டான்ட்பைல ரீப்ளே (ப்ரைமரில நடந்த மாத்தத்தை அங்கயும் ஓட்டறது) அப்டியே நின்னுடும், அதுக்கு முந்தின வெர்ஷன்னா ஸ்டான்ட்பையே ஷட்டவுன் ஆயிடும். என் கட்சி டூலை மாத்தணுங்கறது. கஸ்டமருக்கு ஒரு ட்ரான்சாக்‌ஷன், அந்த ஸ்கீமாக்குள்ளயே ஒரு வெர்ஷன் டேபிள், முடிஞ்சதும் கமிட், அடுத்த கஸ்டமர். நடுவுல செத்தா விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். இதுக்கு விலை என்னன்னா மைக்ரேஷன் ஓடற நேரத்துல பாதி கஸ்டமர் புது ஸ்கீமாவுலயும் பாதி பழைய ஸ்கீமாவுலயும் இருப்பாங்க, ஆப் கோடு ரெண்டையும் தாங்கணும், காலத்தை ஒரு ரிலீஸ்ல சேத்து அடுத்த ரிலீஸ்லதான் பழசைத் தூக்கணும். ரோலிங் அப்டேட் பண்றவங்க எப்படியும் அப்டித்தானே எழுதணும், பழைய பாடும் புது பாடும் ஒரே நேரத்துல ஓடுதே. லாக் டைமவுட்டும் கொஞ்ச செகண்டுக்கு வச்சோம், ஒரு கஸ்டமரோட பெரிய ரிப்போர்ட் ஓடிட்டு இருந்தா அங்க ஆல்டர் டேபிள் காத்துக்கிட்டு நிக்கும், அது பின்னாடி அந்த டேபிளுக்கு வர்ற எல்லா க்வெரியும் வரிசையில நிக்கும், அதைவிட அந்தக் கஸ்டமரை விட்டுட்டு கடைசியில திரும்ப வர்றது மேல்.

கடைசியில நம்பரையும் ஏத்தத்தான் வேண்டி வந்துச்சு, ஆனா வேற காரணத்துக்கு. டெப்ளாய்க்கு முன்னாடி, அந்த வேலையை வரிசையா ஓட்டற பைப்லைன் ஒரு பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸோட பேக்கப் டூல்) எடுக்கும், டேட்டா இல்லாம டேபிள் அமைப்பு மட்டும். பிஜி டம்ப் ஒரே ட்ரான்சாக்‌ஷன்ல எடுக்கப் போற எல்லா டேபிள் மேலயும் ஆக்சஸ் ஷேர் லாக் போடும், யாரும் நடுவுல ட்ராப் பண்ணிடக்கூடாதுன்னு. 36,000 லாக். 6,400ல எங்க அடங்கும். ஸ்கீமா வாரியா பிரிச்சு எடுத்தா லாக் பிரச்னை போயிடும், ஆனா ஒரு ஸ்கீமா கேட்டாலும் பிஜி டம்ப் முதல்ல கேட்டலாக் மொத்தத்தையும் படிச்சுட்டுத்தான் உனக்கு எது வேணும்னு வடிகட்டும், லாக்தான் வேணுங்கறதுக்கு மட்டும் போடும், அதனால 300 தடவை ஓட்டினா 300 தடவை ரெண்டு லட்சம் வரி. ரொம்ப நேரம். அதனால மேக்ஸ் லாக்ஸை 512 ஆக்கினோம், 51,200 இடம், 36,000 போக ஆப்புக்கும் மிச்சம் இருக்கு. ஒரு லாக் இடத்துக்கு ஆகற மெமரி சொற்பம், இதுக்கு யாரும் கஞ்சத்தனம் பண்ண வேண்டியதில்ல.

ஏபிஐ பாட் (ஆப்போட ரிக்வெஸ்டுக்கு பதில் சொல்றது) கதை சுருக்கம்தான். அது ஸ்டார்ட் ஆகறப்ப கேட்டலாக்கைப் படிச்சு மாடல் கட்டும், சிபியு லிமிட் அரை கோர். அரை கோர்னா 100 மில்லிசெகண்ட்ல 50தான் ஓடலாம், மீதி நேரம் கையைக் கட்டிட்டு உக்காரணும், சிகுரூப்ல (கெர்னல் லிமிட் வைக்கற இடம்) சிபியு ஸ்டாட் ஃபைலைத் திறந்து த்ராட்டில்டு வரியைப் பாத்தா எண்ணிக்கை ஏறிட்டே இருந்துச்சு. மாடல் கட்டி முடிக்கறதுக்குள்ள ஸ்டார்ட்டப் ப்ரோப் பொறுமை இழந்து கொன்னுடும், மறுபடி ஆரம்பம், க்ராஷ்லூப்பேக்ஆஃப், காத்திருப்பு 10 செகண்ட்ல ஆரம்பிச்சு ரெட்டிப்பாகி அஞ்சு நிமிஷம் வரைக்கும் போயிடும். ப்ரோப் நேரத்தை நீட்டிட்டு போயிருக்கலாம், நீட்டினா ஒவ்வொரு பாடும் வர அத்தனை நேரம், ட்ராஃபிக் ஏறி ஸ்கேல் ஆகற நேரத்துல அது எதுக்கு உதவும். பில்டு பண்றப்பவே ஒரு மாதிரி ஸ்கீமாவுலேர்ந்து மாடலை ஃபைலா எழுதி இமேஜ்ல வச்சுட்டோம், சிக்டெர்ம் ஹேண்ட்லரும் சேத்தோம்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு உக்காந்தா சில நாள் கழிச்சு டேட்டாபேஸே விழுந்துச்சு. இதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டது. மெமரி க்ராஃப் டெப்ளாய் ஆன நாள்லேர்ந்து மெதுவா மேல போயிட்டே இருக்கு, ட்ராஃபிக் அப்டியேதான் இருக்கு. போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ், அது தொட்ட ஒவ்வொரு டேபிளோட விவரத்தையும், காலம், இன்டெக்ஸ், எல்லாத்தையும், தன் சொந்த மெமரில கேஷ் பண்ணி வச்சுக்கும், ரெல்கேஷ், கேட்கேஷ்னு சொல்வாங்க. இதுக்கு உச்சவரம்புன்னு ஒரு செட்டிங்கே கிடையாது, கனெக்‌ஷன் மூடற வரைக்கும் வளரும். பழைய ஏற்பாட்டுல ரிக்வெஸ்டுக்கு ஒரு கனெக்‌ஷன், திறந்தா ஒரு கஸ்டமரோட பத்து டேபிளைத் தொடும், மூடிடும். புது ஏற்பாட்டுல நடுவுல பிஜிபவுன்சர் (சில கனெக்‌ஷனை எல்லாருக்கும் பகிர்ந்து குடுக்கற பூலர்), ட்ரான்சாக்‌ஷன் மோடு, ஒரே சர்வர் கனெக்‌ஷன் மாத்தி மாத்தி எல்லா கஸ்டமருக்கும் வேலை செய்யுது, ஒரு நாள் முழுக்க உயிரோட இருந்தா கிட்டத்தட்ட 36,000 டேபிளையும் பாத்துடும். பூலிங் போட்டா மெமரி மிச்சம்னு எல்லாரும் சொல்றது உண்மைதான், கனெக்‌ஷன் எண்ணிக்கை குறையுதே, ஆனா நிறைய ஸ்கீமா இருக்கற இடத்துல ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஊதிடும்.

பாத்து உறுதி பண்ண 14ம் வெர்ஷன்லேர்ந்து ஒரு ஃபங்ஷன் இருக்கு, பிஜி லாக் பேக்எண்ட் மெமரி கான்டெக்ஸ்ட்ஸ், பிஐடி (ப்ராசஸ் நம்பர்) குடுத்தா அந்த பேக்எண்டோட (ஒரு கனெக்‌ஷனுக்கான ப்ராசஸ்) மெமரிக் கணக்கை சர்வர் லாக் (log) ஃபைல்ல எழுதிடும். அதுல கேஷ்மெமரிகான்டெக்ஸ்ட்னு ஒரு வரி. இப்பதான் திறந்த கனெக்‌ஷன்ல சில எம்பி, காலையிலேர்ந்து ஓடற கனெக்‌ஷன்ல நூத்துக்கணக்குல எம்பி. அப்டி ஒரு ஐம்பது பேக்எண்ட். மெமரி தீந்ததும் கெர்னல் ஒரு பேக்எண்டைக் கொல்லும், ஒண்ணு அப்டி செத்தா ஷேர்ட் மெமரி கெட்டிருக்கலாம்னு போஸ்ட்மாஸ்டர் (போஸ்ட்கிரெஸோட தலைமை ப்ராசஸ்) மத்த எல்லா பேக்எண்டையும் அனுப்பிட்டு ரெக்கவரிக்குப் போயிடும், ஆப் பக்கம் எல்லா கனெக்‌ஷனும் ஒரே நேரத்துல அறுந்த மாதிரி தெரிஞ்சதுக்குக் காரணம் அதுதான்.

இதுக்கு மருந்து சாதாரணம். பிஜிபவுன்சர்ல சர்வர் லைஃப்டைம் டீஃபால்ட் 3600 செகண்ட், ஆனா அந்த ஒரு மணி நேரத்துலயே எங்க பேக்எண்ட் பாதி ஊரைச் சுத்திடும், போதாததுக்கு எங்க கான்ஃபிக்ல அதை ஒரு நாளா நீட்டி வேற வச்சிருந்தாங்க. 600 ஆக்கினோம், பூல் சைஸையும் குறைச்சோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புது கனெக்‌ஷன் திறக்கறதுல ஆகற செலவு ஒரு விஷயமே இல்ல. ட்ரான்சாக்‌ஷன் மோடுல ஸ்கீமா மாத்தறவங்க செர்ச் பாத்தை (எந்த ஸ்கீமாவுல தேடணுங்கற செட்டிங்) செட் லோக்கலா மட்டும் வைங்க, வெறும் செட்னு வச்சா அது கனெக்‌ஷனோட ஒட்டிக்கிட்டு அடுத்து வர்ற வேற கஸ்டமருக்கு இவங்க பில்லைக் காட்டும், மெமரியை விட அது பெரிய விபரீதம்.

இப்ப பைப்லைன்ல டெப்ளாய்க்கு முன்னாடி ஒரு சின்ன க்வெரி ஓடுது, பிஜி கிளாஸ்ல டேபிள் எண்ணிக்கையை எடுத்து லாக் இடத்தோட ஒப்பிடும், முக்கால் பங்கு தாண்டினா நிறுத்திடும். 51,200ல முக்கால் 38,400, இப்ப 36,000, அதாவது இன்னும் 20 கஸ்டமருக்கு மேல வந்தா அது கத்தும். ஸ்டேஜிங்ல டேட்டா இல்லாத வெத்து ஸ்கீமா 300ஐ உருவாக்கி வச்சிருக்கோம், டிஸ்க்ல ஒண்ணும் பெருசா எடுக்கல, ஆனா மேல சொன்ன எல்லா பிரச்னையும் அங்கயே வந்துடும்.

பாக்கி இருக்கறது மேஜர் வெர்ஷன் அப்கிரேட். பிஜி அப்கிரேட் உள்ளுக்குள்ள பிஜி டம்ப்பைத்தான் கூப்பிடும், லிங்க் மோடுல போட்டா 40 ஜிபி டேட்டாவை காப்பி பண்ணாது, ஆனா ரெண்டு லட்சம் ஆப்ஜெக்டையும் புது கிளஸ்டர்ல ஒண்ணொண்ணா உருவாக்கியே ஆகணும், நேரம் முழுக்க அங்கதான் போகும். மேனேஜர் டவுன்டைம் எவ்வளவுன்னு கேட்டுட்டு இருக்காரு. அந்த வெத்து 300 ஸ்கீமாவை வச்சு ஒத்திகை பாத்துட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.